தலைகீழ் யானை

இன்றைக்கு அந்த உள்விளையாட்டு அரங்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் சார். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு வராது. பேர் கொடுத்து வந்த ஆட்டக்காரர்கள் நூற்று முப்பத்தேழு. நடுவர்கள் ஆறு, அவர்களுக்குத் தலைமையாகக் குரூஸ் சார். மாவட்ட விளையாட்டு அலுவலர் ஜெபராணி மேடம், அவர்களுடைய ஆபீஸ் ஆட்கள் மூன்று. யாருக்கு யார் எதிராளி என்று கம்ப்யூட்டரில் ஜோடி போடுகிறவர் ஒருவர். ஆம்புலன்ஸ் டிரைவர், ஒரு நர்சம்மா. தண்ணீர் கேன் வைக்கிறவர். வாட்ச்மேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே துணைக்கு வந்தவர்கள் தொண்ணூற்று நாலு பேர், என்னையும் சேர்த்து. கலெக்டர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு உடனே போய்விட்டார். பத்திரிகைக்காரர்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை.

அரசாங்கமே நடத்துகிற செஸ் போட்டி சார். ஓபன் ராபிட் என்று பேனரில் போட்டிருந்தது. ஓபன் என்றால் வயசு வித்தியாசம், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையும் ஆடலாம், என்னைப் போல அறுபத்தெட்டும் ஆடலாம். ராபிட் என்றால் வேகம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தான் கடிகாரத்தில் இருக்கும். ஒரே நாளில் ஏழு சுற்று.

நான் ஆடப் போகவில்லை. என் மகளுக்குத் துணையாகப் போனேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம். உங்கள் சம்சாரம், அந்தத் தங்கச்சிக்குப் பக்கத்தில் மஞ்சள் சுடிதார் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். செண்பகவல்லி என்று பேர். நானும் அவளும் சேர்ந்துதான் ஏறினோம். நான் இந்த இரண்டு பேர் சீட்டில் துண்டைப் போட்டுப் பிடித்தேன். அவள் பார்க்காததுபோல முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் ஏறும்போது இருந்த கூட்டத்தில் நீங்களும் தங்கச்சியும் பிரிந்து உட்கார வேண்டியதாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

இந்தப் பொட்டலத்தில் தயிர்ச்சாதம் இருக்கிறது. மத்தியானம் அங்கே கொடுத்தது. ஆட்ட நினைப்பில் அவள் தொடவில்லை. நான் கொடுத்தால் வாங்க மாட்டாள். தங்கச்சி மூலமாகக் கொடுத்தால் வாங்குவாளோ என்றுதான் உங்களிடம் பேச்சுக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது சார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தாறு வருஷம் பண்டல் சரிபார்த்தவன். பெட்டியை எண்ணுவேன், குறைந்தால் சொல்லுவேன். அதற்கு மேல் அங்கே என்ன பேச்சு? படித்ததும் எட்டாவதுதான்.

கொஞ்சம் பொறுங்கள், இப்போதே கொடுக்க வேண்டாம். என்ன நடந்தது என்று தெரியாமல் கொடுத்தால் தங்கச்சிக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாது.

அரசுப் பள்ளிக்கூடங்களில் செஸ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். இந்தப் போட்டியில் ஆடுகிற பெண்களில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நேராக வேலை. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். செண்பகத்துக்கு வருகிற மாதம் முப்பது முடிகிறது. இதை விட்டால் வேறு போட்டியும் இல்லை, வயதும் இல்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்க வேண்டும், நாற்காலி கிடையாது. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு முட்டிக்குக் கீழே நீலமாகக் கிடக்கிறது. இரண்டு வரன் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவளுக்கு அம்மா இல்லை. ஆக, இந்த ஒரு நாள்தான் சார். இந்த ஒரு நாளுக்காக ஒரு வருஷமாகக் கடைவிட்டு வந்து ராத்திரியில் என்னோடு உட்கார்ந்து ஆடினாள்.

ஆமாம், எனக்கு ஆடத் தெரியும். அவளிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். அவள் பத்து வயதிலிருந்து போட்டிக்குப் போகிறாள். எல்லாப் போட்டிக்கும் துணைக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றவன் நான். ஒவ்வொரு போட்டியிலும் ஆரம்பத்தில் நடுவர் மைக்கில் விதிகளைச் சொல்லுவார். மற்ற அப்பாக்கள் எல்லாம் போனைப் பார்ப்பார்கள். நான் கேட்பேன். இருபது வருஷம் கேட்டால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

காலையில் விளக்கு ஏற்றி முடிந்ததும் ஜெபராணி மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். "உங்கள்ல யாருக்காவது செஸ் ஆடத் தெரியுமா? ஒரு ஆள் குறையுது" என்றார்கள். நூற்று முப்பத்தேழு ஒற்றைப்படை அல்லவா? ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ஜோடி இல்லாமல் நிற்பார். அவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். அது பார்க்க நன்றாக இருக்காது என்று, எண்ணிக்கையை இரட்டையாக்க வெளியிலிருந்து ஒருவரைச் சேர்ப்பது உண்டு. யாரும் முன்வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் சும்மா நிற்க எப்படி முடியும்? கையைத் தூக்கினேன்.

"ஏழு ரவுண்டும் இருப்பீங்கள்ல அய்யா? பாதியில போயிரக் கூடாது" என்றார்கள்.

"இருப்பேன் மேடம்" என்று சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

உள்ளே என்னைப் பார்த்ததும் செண்பகம் சிரித்தாள் சார். "யப்பா, நீங்களா நூத்தி முப்பத்தெட்டு? யாரையும் பயமுறுத்தாதீங்க" என்றாள். காலையில் அப்படிச் சிரித்தாள்.

முதல் சுற்றில் தோற்றேன். இரண்டாவதில் எதிராளி வரவே இல்லை. கடிகாரத்தை ஓடவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் வந்து உட்கார்ந்திருப்பவருக்குப் புள்ளி. எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாவதில் ஒரு காலேஜ் தம்பி. என்னை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார், பையில் போன் அடித்தது. போன் அடித்தால் தோல்வி. "எங்கம்மா சார், சாப்பிட்டியான்னு கேக்க அடிக்கிறாங்க" என்று நடுவரிடம் கெஞ்சினார், விடவில்லை. நாலாவதில் தோற்றேன். ஐந்தாவதில் ஒரு சின்னப் பிள்ளை, பாத்ரூம் போகிறேன் என்று போனது, திரும்பி வருவதற்குள் அதன் நேரம் தீர்ந்துவிட்டது. ஆறாவதுதான் நானாக ஜெயித்தது. ஆக ஆறு சுற்றில் நாலு புள்ளி, அதில் ஆடி எடுத்தது ஒன்று.

செண்பகத்துக்கு நாலரை. ஏழாவதில் ஜெயித்தால் ஐந்தரை. பெண்களில் இரண்டாவது இடம் நிச்சயம். டிரா செய்தாலே ஐந்து, மூன்றாவது இடம் கிடைக்கும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஏழாவது சுற்றுக்கு ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பன்னிரண்டாவது பலகை. செண்பகவல்லி, ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் நான்தான் சார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். குரூஸ் சாரிடம் போய், "சார், இது என் மக. வேற ஆள் மாத்திக் குடுங்க" என்றேன். "அய்யா, கம்ப்யூட்டர் போட்டா போட்டதுதான். ஒண்ணை மாத்தினா அறுபத்தொன்பது பலகையும் மாறும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

செண்பகம் என்னைத் தனியாகச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, காய்ச்சல் விட்டாற்போல. "யப்பா, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

"குடிச்சாச்சும்மா. ரெண்டு."

"இன்னொண்ணு குடிங்க. வெளியே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நல்லா இருக்கும். நடந்து போங்க. மெதுவா வாங்க."

"இப்ப ஆட்டம் ஆரம்பிக்கப் போகுதேம்மா. மூணாவது டீ குடிச்சா எனக்கு நெஞ்சு கரிக்கும், தெரியாதா?"

"அப்ப சும்மா காத்தாட நில்லுங்கப்பா. அவசரமே இல்ல."

அவளுக்கு எப்போதும் என் உடம்பைப் பற்றித்தான் கவலை. அந்த நேரத்திலும் பாருங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ பயப்படாம ஆடு" என்று சொல்லி, முதல் ஆளாகப் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

ஏன் சார் நெற்றியில் கை வைத்துக்கொள்கிறீர்கள்? தலைவலியா? ஜன்னலைச் சாத்தட்டுமா?

சரி, சொல்லி முடித்துவிடுகிறேன். செண்பகம் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பலகையில் ஒரு மீசைக்காரர், வேலைக்குப் போட்டி போடுகிற இன்னொரு பெண்ணின் மாமா. அவர் சத்தமாகவே சொன்னார்: "அப்பனும் மகளுமா? பாயிண்ட் வீட்டை விட்டு வெளியே போகாது. ஆடாமலே எழுதிரலாம்." நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நாளைக்கு என் மகள் வேலைக்குப் போனால், அப்பன் விட்டுக்கொடுத்து வாங்கின வேலை என்று பேசமாட்டார்களா? அந்தப் பேச்சோடு அவள் எப்படிப் பள்ளிக்கூடத்தில் நிற்பாள்? அதனால் கையைத் தூக்கிக் குரூஸ் சாரைக் கூப்பிட்டேன். "சார், நீங்க இந்தப் பலகை பக்கத்துலயே நில்லுங்க. யாரும் ஒரு சொல் சொல்லிறக் கூடாது" என்றேன். செண்பகம், "யப்பா, வேண்டாம்" என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். அவளுக்குக் கூச்சம்.

அவர் வந்து நின்றார். ஆட்டம் ஆரம்பித்தது. செண்பகத்துக்கு வெள்ளைக் காய். நான் ஜெயிக்க வேண்டும் என்று ஆடவில்லை சார். தோற்க வேண்டும் என்றும் ஆடவில்லை. சரியாக ஆடினேன்.

ஏழாவதோ எட்டாவதோ நகர்த்தலில் அவள் கோட்டை கட்டினாள். ராஜாவையும் யானையையும் ஒரே சமயத்தில் இடம் மாற்றுவார்களே, அது. வீட்டில் ஆடும்போது இரண்டு கையாலும் எடுத்து வைப்பாள், நானும் அப்படித்தான். விதிப்படி ஒரே கையால் செய்ய வேண்டும். இரண்டு கையையும் உபயோகித்துக் கடிகாரத்தை அமுக்கிவிட்டாள். குரூஸ் சார் பக்கத்திலேயே நிற்கிறார், அவர் கண்ணில் படாமல் இருக்குமா? "இது முதல் தப்பும்மா. இன்னொரு தப்பு வந்தா ஆட்டம் போயிரும்" என்று சொல்லி எனக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். "கூடுதல் நேரம் வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல அய்யா" என்றார். அதன் பிறகு வேறு பலகையில் தகராறு என்று போய்விட்டார்.

செண்பகம் அப்புறம் ஆடினாள் பாருங்கள்! பொறி பறந்தது. எனக்குக் காய் காயாகக் குறைந்தது. அவளுடைய ஓரத்துச் சிப்பாய் நடந்து நடந்து கடைசிக் கட்டத்துக்கே வந்துவிட்டது. கடைசிக் கட்டத்துக்கு வந்த சிப்பாயை ராணியாக்கலாம். ஆனால் அவளுடைய ராணி பலகையில் இருக்கிறது, இரண்டாவது ராணிக்கு எங்கே போவது? கூடுதல் ராணி வைத்திருக்கவில்லை, அங்கே வாங்கிப் போட்டிருந்த எந்த செட்டிலும் இல்லை. நம் ஊர்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாக நிறுத்திவிட்டால் அது ராணி. தெருவில் ஆடினாலும் அப்படித்தான், வீட்டில் ஆடினாலும் அப்படித்தான். நான் வெட்டின அவளுடைய யானை என் பக்கத்தில் இருந்தது. அவள் கையை நீட்டினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வீட்டில் கொடுக்கிறதுபோல. தலைகீழாக வைத்துக் கடிகாரத்தை அமுக்கினாள்.

நான் என் ராஜாவை நகர்த்தினேன். அவள் அந்தத் தலைகீழ் யானையைக் குறுக்காக, மூலைவாட்டில் இழுத்து என் ராஜாவுக்குச் செக் வைத்தாள். இன்னும் இரண்டு நகர்த்தலில் எனக்குச் செக்மேட். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். காலையில் சிரித்ததுபோல.

எனக்குத்தான் மனசுக்குள் ஒரு அரிப்பு. நாளைக்கு அந்த மீசைக்காரர், தலைகீழ் யானையை வைத்து ஜெயித்தாள் என்று புகார் கொடுத்தால்? சுத்தமாக இருக்க வேண்டும் சார். நிஜ ராணி ஒன்று வாங்கி வைத்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. அவளுக்காகத்தான் கையைத் தூக்கினேன். "சார், இங்க ஒரு வெள்ளை ராணி குடுங்க" என்றேன்.

குரூஸ் சார் வந்தார். கடிகாரத்தை நிறுத்தினார். "எதுக்கு ராணி?"

"இந்த யானைக்குப் பதிலா. இது ராணி சார்."

"தலைகீழா வெச்சாலும் யானை யானைதான். இது எப்ப வந்தது?"

செண்பகம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். தெரியாமல் பட்டிருக்கும் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"போன நகர்த்தல்ல வந்தது சார். அந்தக் கட்டத்துல நின்னுச்சு. அங்கேருந்து குறுக்கா இந்தக் கட்டத்துக்கு வந்து இப்ப செக்" என்று விரலால் காட்டினேன். கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டாமா?

"யானை குறுக்கா போகுமா அய்யா?"

நான் அந்த யானையைப் பார்த்தேன். போகாதுதான்.

"ரெண்டாவது தப்பு. ஆட்டம் முடிஞ்சுது. கறுப்புக்குப் புள்ளி" என்றார்.

சார், நான் எழுந்து நின்றுவிட்டேன். "எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல சார்! நான் ராணிதான் கேட்டேன்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தினது கிடையாது. "புகார் வேண்டியதில்ல, நான் பார்த்துட்டேன்" என்றார். செண்பகம் முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடி, என் பக்கம் உருட்டிவிட்டாள். எழுந்து போய்விட்டாள். நாலாவது இடம். அரைப் புள்ளியில்.

பேனாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். போடமாட்டேன் என்றேன். "நான் தோத்ததா எழுதுங்க சார், காலைப் பிடிக்கிறேன்" என்றேன். போடாவிட்டாலும் முடிவு அதுதான் என்றார்கள். ஜெபராணி மேடத்திடம் ஓடினேன். "மேடம், நான் எண்ணிக்கைக்கு வந்தவன்தானே? நான் ஆட்டக்காரனே இல்லையே. என் பேரையே அடிச்சிருங்க. நான் வரவே இல்லைன்னு வெச்சுக்கோங்க" என்றேன். அவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. "அய்யா, உங்க பேரை அடிச்சா ஒத்தைப்படை ஆயிரும். காலையிலேருந்து ஆடின ஏழு ரவுண்டும் தப்பாயிரும். மத்தவங்க பிள்ளைகளும் இருக்காங்கள்ல?" என்றார்கள். எண்ணிக்கை தப்பினால் எல்லாம் தப்புதான். காலில் விழலாம் என்று குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. நர்சம்மா வந்து ஏதோ தைலத்தைத் தேய்த்து நிமிர்த்திவிட்டார்கள்.

இந்தத் துண்டுக்குள் என்ன என்று பார்க்கிறீர்கள். கேடயம் சார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் முதலிடம். மைக்கில் பேர் சொன்னார்கள், மேடைக்குப் போனேன். பேர் சொன்னால் போகத்தானே வேண்டும்? அவள் கேட் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவும் எடுத்தார்கள். குரூஸ் சார் கைகுலுக்கி, "உங்களை மாதிரி நேர்மையான ஆட்டக்காரரை நான் பார்த்ததில்ல" என்றார். அவள் காதில் அது விழுந்திருக்கும்.

நாளை திங்கட்கிழமை, மனு கொடுக்கிற நாள். கலெக்டரிடம் போகப் போகிறேன். உங்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறது, படித்தவராகத் தெரிகிறீர்கள். இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் சார். தப்பு என் பேரில் என்று எழுத வேண்டாம், தப்பு நடக்கவில்லையே. அவள் தகுதியானவள் என்று மட்டும் எழுதுங்கள். எழுதுவீர்களா? எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பொட்டலத்தையாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அப்பா கொடுத்தார் என்று சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள். எப்படியாவது வாங்க வையுங்கள் சார். அவள் வாயில் ஒரு வாய்ச் சோறு போனால் எனக்குப் போதும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

...என்ன சார், திரும்பக் கொண்டுவந்துவிட்டீர்கள்? தங்கச்சியிடம் என்ன சொன்னாளாம்?

"அவரும் மத்தியானம் சாப்பிடலக்கா. அவரைச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாளாமா?

அப்படியா சொன்னாள்? 'அவர்' என்றா? சரி. சரி. நான் சாப்பிடாததைப் பார்த்திருக்கிறாள். பார்த்தீர்களா, கோபம் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் பேசிவிடுவாள். இன்னும் கொஞ்ச தூரம்தான் எங்கள் ஊர்.

இது என்ன, வண்டி நிற்கிறது? செவல்பட்டி விலக்கு. இங்கே எங்களுக்கு யாரும் கிடையாதே. ஏன் எழுந்திருக்கிறாள்? சார், என் மகள் இறங்குகிறாள். அவளோடு கடையில் வேலை பார்க்கிற பிள்ளை ஒன்று இந்தப் பக்கம் இருக்கிறது என்பாள், அங்கேயா? பையையும் எடுத்துக்கொண்டு போகிறாளே. செண்பகம்! ஏம்மா! திரும்பிப் பார்க்கவில்லை சார். எதிரே லாரி வருகிற சத்தத்தில் கேட்டிருக்காது.

நானும் இறங்குவதா? நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் டிக்கெட்டை எங்கள் ஊர் வரைக்கும் எடுத்திருக்கிறேன், அவளுக்கும் சேர்த்து. அவள் இங்கே எப்படி இறங்கலாம்? கண்டக்டரும் கேட்கிறார், "பெரியவரே, எறங்குறீங்களா இல்லையா? விசில் குடுக்கட்டுமா?" என்று. இருங்கள், இருங்கள், யோசிக்க விடுங்கள். இந்த இடுப்போடு சட்டென்று எழுந்திருக்க...

விசில் கொடுத்துவிட்டார்.

இருட்டில் அந்த மஞ்சள் தெரிகிறதா சார் உங்களுக்கு? எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது.

கூட்டமெல்லாம் வழியிலேயே இறங்கிவிட்டது. மிச்சம் டிரைவர், கண்டக்டர். கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறவர் ஒருவர். தங்கச்சி, நீங்கள், நான். அவள் போக, ஆறு பேர்.